ஸ்டேஷன் வைஃபையில் பேங்க் ஆப் திறக்கலாமா? எது நிஜ ஆபத்து, எது வெறும் பீதி?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரயில் நிலையத்தில் ரயில்வயர், லாட்ஜில் ரிசப்ஷன் சுவரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு, ஏர்போர்ட்டில் ஓடிபி வாங்கி நுழையும் வைஃபை. வேலை நிமித்தம் இந்த மூன்றும் மாறி மாறி வாய்க்கும். கையில் ஆண்ட்ராய்டு 13 போன், ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் 11 லேப்டாப்.

"பப்ளிக் வைஃபையில் பேங்க் ஆப் திறந்தால் பணம் காலி" என்று ஃபார்வர்டு மேல் ஃபார்வர்டு வருகிறது. "இப்போ எல்லாமே எச்டிடிபிஎஸ், ஒண்ணும் ஆகாது" என்றும் சிலர் சொல்கிறார்கள் (எச்டிடிபிஎஸ் என்றால் நமக்கும் தளத்துக்கும் நடுவில் போவதைப் பூட்டி அனுப்பும் முறை). பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு உண்மையில் என்ன தெரியும், என்ன தெரியாது? பாஸ்வேர்டு போட்ட வைஃபை என்றால் பரவாயில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாக்கெட்_பாண்டி எழுதியது:

ரெண்டு கட்சியும் பாதி சரி. ஃபார்வர்டு எழுதுகிறவர் 2010-லேயே நின்றுவிட்டார். அந்த வருஷம் அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வந்தது. ஒரே ஓப்பன் வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் குக்கீயை, அதாவது லாகின் செய்தவர் நீங்கள்தான் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளச் சீட்டை, காற்றிலிருந்து பொறுக்கி, பெயரும் படமுமாக வரிசையாகக் காட்டும். பெயர் மேல் இரண்டு தட்டு தட்டினால் அவர் கணக்குக்குள்ளேயே நுழைந்துவிடலாம். அன்றைக்கு பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் எச்டிடிபிஎஸ்ஸில் காட்டிவிட்டு மற்றதையெல்லாம் பூட்டில்லாத வெறும் எச்டிடிபியில் விட்டிருந்தன, அதனால் வந்த வினை. இன்று அந்த வித்தை பலிக்காது.

இன்று பக்கத்து பெஞ்ச்காரனுக்குத் தெரிவது: நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற டொமைன் பெயர் (தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியிலும், இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலும், அதாவது முதல் டேட்டா பொட்டலத்திலும், அது பெரும்பாலும் அப்பட்டமாகப் போகும்), எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா. தெரியாதது: பாஸ்வேர்டு, நீங்கள் திறந்த வெப் பக்கத்தில் உள்ள எழுத்து, மெயிலின் உள்ளடக்கம். எந்த பேங்க் என்று தெரியும், பேலன்ஸ் தெரியாது.

பேங்க் ஆப் இதில் இன்னும் ஒரு படி மேலே. பல ஆப்கள் தங்கள் சர்வரின் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட்டை உள்ளேயே பதித்து வைத்திருக்கும். நடுவில் யாராவது வேறு சர்டிஃபிகேட்டை நீட்டினால் இணைய மறுத்துவிடும். யுபிஐ பின் போனிலேயே என்கிரிப்ட் ஆகித்தான் (பூட்டப்பட்டுத்தான்) வெளியே கிளம்புகிறது. பின் போடும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவனும், "கஸ்டமர் கேர்" என்று சொல்லி ஸ்கிரீன் ஷேர் ஆப் ஏற்றச் சொல்பவனும் வைஃபையைவிடப் பெரிய தலைவலி.

பாஸ்வேர்டு போட்ட வைஃபை பற்றிக் கேட்டீர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், அது தெரிந்த எவனும், உங்கள் போன் ரூட்டரோடு கைகுலுக்கும் அந்த நான்கு பாக்கெட்டைப் பிடித்துவிட்டால் போதும். உங்கள் ட்ராஃபிக்கை ஒயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளில் போட்டு வைஃபை பூட்டைத் திறந்துகொள்வான். கைகுலுக்கல் நடந்த நேரத்தில் அவன் அங்கே இல்லாவிட்டாலும், ஒரு போலி டீஆத் பாக்கெட் அனுப்பி உங்களைத் துண்டித்து மறுபடி இணைய வைப்பான். ஆக லாட்ஜ் வைஃபையையும் ஓப்பன் வைஃபை மாதிரியே பாவியுங்கள். அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 என்றால் இந்தக் குறை இல்லை, ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. போலி டீஆத்தும் அதில் எடுபடாது. ஆனால் லாட்ஜ்களில் இருப்பதெல்லாம் பழைய ரூட்டர், கம்பெனி போட்டுக் கொடுத்த நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

நிஜ ஆபத்து ஒட்டுக்கேட்பதைத் தாண்டி வேறு இடத்தில் இருக்கிறது. ராஜி மேடம் வந்தால் விளக்கமாகச் சொல்வார்.

---

சிவா_2ஜி எழுதியது:

இவ்ளோ யோசிக்கவே வேணாம் ப்ரோ. ப்ளே ஸ்டோர்ல ஒரு ஃப்ரீ விபிஎன் போட்டுக்கோங்க, மேட்டர் ஓவர்.

---

ரூட்டர்_ராஜி எழுதியது:

சிவா, விபிஎன் என்பது உங்கள் ட்ராஃபிக்கைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சுரங்கம். ஃப்ரீ விபிஎன் போட்டால் பக்கத்து பெஞ்ச்காரனிடமிருந்து மறைத்ததை முகம் தெரியாத ஒரு கம்பெனியிடம் மொத்தமாக ஒப்படைக்கிறீர்கள், அவ்வளவுதான். விபிஎன் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் போலி ஹாட்ஸ்பாட். வைஃபை பெயர் என்பது 32 பைட்டுக்குள் யாரும் எதையும் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பெயர், அவ்வளவே. அதற்குப் பதிவும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. உங்கள் போன் ஒரு ஓப்பன் நெட்வொர்க்கைச் சேமித்து வைத்திருந்தால், அதே பெயரில் ஓப்பனாக எது கண்ணில் பட்டாலும் கேட்காமலே ஒட்டிக்கொள்ளும். சிக்னல் எது பலமோ அதுதான் அதற்கு ஒரிஜினல். ரயில்வயர் 6,000-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களில் இருக்கிறது. அந்தப் பெயர் கோடிக்கணக்கான போன்களில் சேமிப்பில் கிடக்கும் என்பது போலி ஹாட்ஸ்பாட் வைக்கிறவனுக்கும் தெரியும்.

கற்பனை இல்லை. 2024-ல் ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானம் ஒன்றில், தங்கள் வைஃபை பெயரிலேயே இன்னொன்று ஓடுவதை விமான ஊழியர்கள் கவனித்துப் புகார் கொடுத்தார்கள். பெர்த் ஏர்போர்ட்டில் ஒருவரின் கைப்பையைச் சோதித்ததில் சின்ன வயர்லெஸ் கருவி, லேப்டாப், மொபைல். பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு ஏர்போர்ட்களிலும் இதே வேலை நடந்ததாக அந்நாட்டு ஃபெடரல் போலீஸ் சொன்னது. இணைந்தவர்களுக்கு வந்தது ஒரு லாகின் பக்கம்: "உங்கள் ஈமெயில் அல்லது சோஷியல் மீடியா கணக்கில் நுழையுங்கள்." எந்த என்கிரிப்ஷனையும் யாரும் உடைக்கவில்லை. மக்களே டைப் செய்து கொடுத்தார்கள்.

ஆகையால் கண் வைக்க வேண்டியது அந்த லாகின் பக்கத்தில். நம் ஊரில் வழக்கம் மொபைல் நம்பர், ஓடிபி, அதோடு சரி. கூகுள் பாஸ்வேர்டு, கார்டு நம்பர், "வேகம் கூட்ட" என்று ஒரு ஏபிகே (ப்ளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப் ஃபைல்), ஒரு சர்டிஃபிகேட் இன்ஸ்டால், இதில் எது கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். சர்டிஃபிகேட் ஏற்றச் சொல்வது இருப்பதிலேயே மோசம். அதை ஏற்றிவிட்டால் பாண்டி மேலே சொன்ன பாதுகாப்பில் ப்ரவுசர் பகுதி முழுவதும் போச்சு. நீங்கள் திறக்கும் எந்தத் தளத்துக்கும் அவன் போலி சர்டிஃபிகேட் அச்சடிக்கலாம், ப்ரவுசர் வாய் திறக்காது.

ஓடிபியிலும் ஒரு சூது இருக்கிறது. போலிப் பக்கத்தில் நீங்கள் மொபைல் நம்பரைப் போட்ட அதே நொடியில், அந்த நம்பரை அவன் தன் போனில் வாட்ஸ்அப் ரிஜிஸ்ட்ரேஷனில் போடுவான். உங்களுக்கு 6 இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். வைஃபைக்குத்தான் என்று நினைத்து நீங்கள் அதை அந்தப் போலிப் பக்கத்தில் அடிப்பீர்கள். வாட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். எஸ்எம்எஸ்ஸில் எண்ணை மட்டும் பார்க்காமல் யார் அனுப்பியது, எதற்கு என்ற வரியையும் படிப்பவருக்கு இது நடக்காது. நோட்டிஃபிகேஷனில் "காப்பி கோடு" என்று வரும் பொத்தானைத் தட்டிப் பழகியவர்கள்தான் மாட்டுவது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் ஒன்று வைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் கோடு மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது.

உண்மையான வைஃபை என்றாலும் அந்த முகப்புப் பக்கத்தை ரொம்ப நம்ப வேண்டாம். 2024 செப்டம்பரில் பிரிட்டனில் 19 ரயில் நிலையங்களில் இணைந்தவர்களுக்கு வரவேற்புப் பக்கத்தில் பயங்கரவாதத் தாக்குதல் பற்றிய வாசகம் வந்தது. வைஃபை அசல்தான். பக்கத்தை மாற்றும் உரிமையுள்ள அட்மின் கணக்கு வழியாகவே அது நடந்திருந்தது. வாசகத்துக்குப் பதில் ஒரு பாஸ்வேர்டு பெட்டி வைத்திருந்தால் எத்தனை பேர் நிரப்பியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

செய்ய வேண்டியது சுருக்கமாக. வேலை முடிந்ததும் அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுங்கள். அடிக்கடி போகும் இடம் என்றால் குறைந்தபட்சம் ஆட்டோ கனெக்ட்டை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கியர் பொத்தானுக்குள் இருக்கும். க்ரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அங்கே ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் இருந்தால் அது இன்னொரு காவல். டொமைன் ஒரு எழுத்து மாறினாலும் அது தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால், கையால் அடிக்காமல் முகவரிப் பட்டையைப் பாருங்கள்.

விபிஎன் பற்றித் தனியாக எழுதுகிறேன், இதுவே நீண்டுவிட்டது.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

பாண்டி அண்ணே, ராஜி மேடம், ரொம்ப நன்றி. ஓடிபி விஷயம் யோசித்ததே இல்லை. ஒரு சந்தேகம்: சில சமயம் கனெக்ட் ஆனதும் ஜிமெயில் திறந்தால் கனெக்‌ஷன் பிரைவேட் இல்லை என்று சிவப்பு எச்சரிக்கை வருகிறதே, அது போலி ஹாட்ஸ்பாட் என்று அர்த்தமா? இன்னொன்று, ஆபீஸ் லேப்டாப்பில் ஆபீஸ் சர்வரின் ஷேர்டு டிரைவ் இசட் டிரைவாக மேப் ஆகியிருக்கிறது. அதனால் ஏதும் உண்டா?

---

பாக்கெட்_பாண்டி எழுதியது:

சிவப்பு எச்சரிக்கைக்கு மூன்று காரணம் உண்டு. முதலாவது, இன்னும் வைஃபை லாகின் முடியவில்லை. நீங்கள் எச்டிடிபிஎஸ் தளத்தைத் திறக்கப் பார்க்கிறீர்கள், லாகின் கருவி குறுக்கே புகுந்து தன் பக்கத்தைக் காட்டப் பார்க்கிறது, சர்டிஃபிகேட் பொருந்தாமல் ப்ரவுசர் கத்துகிறது. இரண்டாவது, போனில் தேதி தப்பாக இருக்கிறது. மூன்றாவது, நிஜமாகவே யாரோ நடுவில் இருக்கிறார்கள்.

பிரித்துப் பார்க்க வழி: எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். "சைன் இன் டு நெட்வொர்க்" என்று வரும் நோட்டிஃபிகேஷனைத் தட்டி லாகினை முடியுங்கள். நோட்டிஃபிகேஷன் வராவிட்டால் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் திறங்கள். வெறும் எச்டிடிபியில் இதற்காகவே வைத்திருக்கும் தளம். ப்ரவுசர் அதற்கும் "பாதுகாப்பில்லை" என்று தடுத்துக் கேட்கும், அந்த ஒரு இடத்தில் மட்டும் சரி கொடுக்கலாம். லாகின் முடிந்த பிறகும், தேதி சரியாக இருந்தும் ஜிமெயிலுக்கு எச்சரிக்கை வந்தால், அந்த நெட்வொர்க்குக்கு ஒரு கும்பிடு. ஜிமெயில் மாதிரித் தளங்களுக்கு க்ரோம் "பரவாயில்லை, போ" என்ற வழியையே காட்டாது. வேறு தளங்களுக்குக் காட்டும், அங்கே கை பரபரக்கும். கட்டுப்படுத்துங்கள்.

இசட் டிரைவ் கேள்வி நல்ல கேள்வி. சரியான ஓட்டை அது.

நீங்கள் லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்ததும் விண்டோஸ் பழக்கதோஷத்தில் அந்த ஆபீஸ் சர்வரைத் தேடும். லாட்ஜ் டிஎன்எஸ்ஸுக்கு அந்தப் பெயர் தெரியாது. உடனே விண்டோஸ் எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் என்ற பழைய முறைகளில் அந்த நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்: கல்யாண மண்டபத்தில் மைக்கில் "இந்தப் பேர்க்காரர் இருக்கீங்களா?" என்று கேட்பது போல. எவன் வேண்டுமானாலும் "நான்தான்" என்று கை தூக்கலாம். ரெஸ்பாண்டர் என்ற கருவி இதையே தொழிலாகச் செய்யும். கை தூக்கியவனை சர்வர் என்று நம்பி விண்டோஸ் உங்கள் யூசர் பெயரையும் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட என்டிஎல்எம் (விண்டோஸின் பழைய லாகின் முறை) விடையையும் அனுப்பும். பாஸ்வேர்டே போகாது. ஆனால் அந்த விடையை வீட்டுக்குக் கொண்டுபோய், ஊர்ப் பெயரும் வருஷமுமாக வைத்த பாஸ்வேர்டை ஒரே ராத்திரியில் உடைத்துவிடலாம்.

அடைக்கும் வழி:

வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் நெட்வொர்க் ப்ரொஃபைல் டைப் பப்ளிக் என்று இருக்க வேண்டும். பிரைவேட் என்றால் நெட்வொர்க் டிஸ்கவரி திறந்து, உங்கள் ஷேர் ஃபோல்டர் பக்கத்து அறைக்காரனுக்குத் தெரிய வாய்ப்புண்டு. பப்ளிக் என்று வைத்தால் வெளியிலிருந்து உள்ளே வருவதை ஃபயர்வால் தடுக்கும், ஆனால் உங்கள் லேப்டாப் தானே கேட்கும் கேள்வியை நிறுத்த அதை மட்டும் நம்பாதீர்கள்.

எல்எல்எம்என்ஆரை நிறுத்த குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், நெட்வொர்க், டிஎன்எஸ் கிளையன்ட் வரை போய், டர்ன் ஆஃப் மல்டிகாஸ்ட் நேம் ரெசல்யூஷன் என்பதை எனேபிள்ட் ஆக்க வேண்டும். பெயரே "டர்ன் ஆஃப்" என்பதால் எனேபிள் செய்தால்தான் அணையும், பலர் இங்கே தலைகீழாக வைத்துவிடுவார்கள். நெட்பயாஸுக்கு அடாப்டரின் ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், வின்ஸ் டேபில் டிஸேபிள். ஆபீஸ் லேப்டாப் என்பதால் உங்களுக்கு அட்மின் உரிமை இருக்காது. ஐடி டீமுக்கு இந்த இரண்டு வரியையும் அப்படியே மெயில் போடுங்கள், விஷயம் தெரிந்தவர்கள் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

---

சிராங்கூன்_செல்வி எழுதியது:

சிங்கப்பூர் வருபவர்களுக்காக ஒரு சேர்க்கை. இங்கே வயர்லெஸ்@எஸ்ஜி, வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் என்று இரண்டு பெயர் தெரியும். கடைசியில் எக்ஸ் உள்ளதை எடுங்கள், அதில் காற்றிலேயே என்கிரிப்ஷன் உண்டு, ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. உள்ளூர் சிம் இருந்தால் சிம்மையே அடையாளமாக வைத்து நுழையலாம்.

ஒவ்வொருவரும் தனி அடையாளத்தோடு நுழையும் இதே 802.1எக்ஸ் முறையில்தான் கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் வைஃபை ஓடுகிறது. அங்கே மாணவர்கள் செய்யும் ஒரு தப்பு: செட்டிங் போடும்போது சிஏ சர்டிஃபிகேட் (எதிரில் இருப்பது அசல் சர்வர்தானா என்று சரிபார்க்க உதவுவது) என்ற இடத்தில் "டு நாட் வேலிடேட்" கொடுத்துவிடுவது. கொடுத்துவிட்டால் எடுரோம் என்று பெயர் வைத்த எந்தப் போலிப் பெட்டிக்கும் உங்கள் யூனிவர்சிட்டி லாகினின் ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட விடை) போகும். ஆண்ட்ராய்டு 11-க்கு 2020 டிசம்பரில் வந்த அப்டேட்டில் கூகுள் அந்த வழியையே எடுத்துவிட்டது, "என் போனில் எடுரோம் கனெக்ட் ஆகலை" என்று எல்லோரும் புலம்பியது அதனால்தான். அதன்பின் வந்த போன்களில் யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ் என்று வைத்து, டொமைன் என்ற கட்டத்தில் உங்கள் கல்லூரி ஐடி பிரிவு சொல்லும் சர்வர் பெயரைப் போட வேண்டும். கல்லூரி தனக்கென்று தனி சர்டிஃபிகேட் வைத்திருந்தால் அதை அவர்கள் தளத்திலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும். டொமைன் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

---

ரூட்டர்_ராஜி எழுதியது:

செல்வி அக்கா சொன்னது பலருக்கும் பயன்படும். இப்போது விபிஎன்.

விபிஎன் ஆனில் இருந்தால் லாகின் பக்கமே வராது, ஆகவே முதலில் வைஃபை லாகின், பிறகு விபிஎன், பிறகு மற்ற ஆப். நடுவில் உள்ள அந்தச் சில நொடிகளில் மெயிலும் வாட்ஸ்அப்பும் வெளியே ஓடிவிடும். என்கிரிப்ட் ஆகித்தான் ஓடும், கவலை இல்லை, ஆனால் "விபிஎன் இருக்கு, எதுவும் கசியாது" என்ற நினைப்பு சரியில்லை. ஆண்ட்ராய்டில் ஆல்வேஸ் ஆன் விபிஎன்னோடு பிளாக் கனெக்‌ஷன்ஸ் வித்தவுட் விபிஎன் வைத்திருந்தால், பல இடங்களில் லாகின் பக்கம் முழிக்கும். அப்போது அதைத் தற்காலிகமாக அணைத்தாக வேண்டும்.

2024 மே மாதம் டனல்விஷன் என்று ஒன்று வெளியானது. நெட்வொர்க்கில் ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரை ஒருவன் போலியாக நடத்தினால், ஆப்ஷன் 121 என்ற வசதியில் "இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போ" என்று லேப்டாப்புக்குப் பாதை சொல்லலாம். அந்தப் பாதை விபிஎன் பாதையைவிடக் குறிப்பாக இருந்தால் லேப்டாப் அதைத்தான் எடுக்கும். விபிஎன் ஆப் "கனெக்டட்" என்றே பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஐபோன் எல்லாவற்றிலும் இது உண்டு. ஆண்ட்ராய்டு அந்த ஆப்ஷனையே மதிப்பதில்லை, தப்பித்தது.

எந்த விபிஎன் என்பது அடுத்த கேள்வி. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட, இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன் உத்தரவுப்படி, விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். சில பெரிய கம்பெனிகள் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. ஆபீஸ் விபிஎன் இருந்தால் ஆபீஸ் வேலைக்கு அதுவே போதும். சொந்தத்துக்கு வீட்டு ரூட்டரில் ஒயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டுக்கொள்வது என் கட்சி. ஒரு தடை வரும்: ரூட்டரின் வான் ஐபி (இணையத்தின் பக்கம் உள்ள முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே பப்ளிக் ஐபியைப் பகிரும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், வெளியிலிருந்து நேரே நுழைய முடியாது. அந்தத் தடையைத் தாண்டி இணைக்கும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று, இல்லாவிட்டால் புதிய வகை முகவரியான ஐபிவி6 தேவைப்படும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் போன் ஹாட்ஸ்பாட். டேட்டா விலை இருக்கும் நிலையில் லேப்டாப் வேலைக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். டபிள்யூபிஏ3 தேர்வு இருந்தால் அது, 12 எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டு. விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு மீட்டர்டு கனெக்‌ஷன் ஆன் செய்யுங்கள். மறந்தால் அப்டேட் இறங்கி ஒரு நாள் டேட்டாவை 10 மணிக்குள் குடித்துவிடும்.

---

சிவா_2ஜி எழுதியது:

சரி, ஒத்துக்கிறேன். ஏற்கனவே எங்கயாவது பாஸ்வேர்டு அடிச்சுத் தொலைச்சிருந்தா?

---

பாக்கெட்_பாண்டி எழுதியது:

வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு வாருங்கள், அதே வைஃபையில் இருந்தபடி பாஸ்வேர்டு மாற்றினால் என்ன பிரயோஜனம். மாற்றிய கையோடு எல்லா டிவைஸிலிருந்தும் சைன் அவுட். ஜிமெயில் என்றால் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு மாறினாலும் அவன் வைத்த ஃபார்வர்டிங் அங்கேயேதான் இருக்கும். ரிகவரி நம்பரும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன், மற்றதெல்லாம் அப்புறம். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

மேடம், வீட்டில் பப்ளிக் ஐபி இருக்கிறது, ஒயர்கார்டு ஏற்றியாச்சு. மொபைல் டேட்டாவில் அருமையாக ஓடுகிறது. லாட்ஜ் வைஃபையில் கனெக்ட் ஆகிறது, கூகுள் திறக்கிறது, பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன. ஏன்?

---

ரூட்டர்_ராஜி எழுதியது:

ஒயர்கார்டு ஆப்பில் லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (கைகுலுக்கல்) என்ற வரியில் நேரம் காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் சுரங்கம் திறந்திருக்கிறது, பாக்கெட்தான் பெரிதாக இருக்கிறது. போனில் டனலை எடிட் செய்து எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கட்டத்தில் 1280 போடுங்கள். வழக்கமான 1420 அந்த லாட்ஜ் லைனில் நுழையவில்லை. ஹேண்ட்ஷேக்கே காட்டாவிட்டால் ஒயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி வகைப் பாக்கெட்டை அவர்கள் அடைத்திருக்கிறார்கள். வீட்டில் போர்ட்டை 51820-லிருந்து யுடிபி 443-க்கு மாற்றிப் பாருங்கள், பல இடங்களில் அது விடும். அதுவும் போகாவிட்டால் ஒயர்கார்டில் வழியில்லை, வெப் தளங்கள் பயன்படுத்தும் டிசிபி 443-ல் ஓப்பன்விபிஎன் என்ற வேறு விபிஎன்தான்.